எல்.கே.ஜி. சுவரில் ஒட்டியிருக்கும் இலையுதிர் காலம்

மழலையர் வகுப்புகளில் 'பருவங்கள்' பாடம் எப்படி நடக்கிறது என்று இரண்டு வருடமாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஓவிய வகுப்புக்கு உதவியாகப் போவேன், அங்கே ஆரம்பித்தது. பிறகு தெரிந்த டீச்சர்களிடம் கேட்டு, அங்கன்வாடிக்குப் போய்ப் பார்த்து, கொஞ்சம் படித்து, குறிப்பேடு தடித்துவிட்டது. அதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைக்குப் பருவத்தைப் படமாகவும் கைவேலையாகவும் சொல்லிக்கொடுக்கும்போது, நாம் எந்த ஊர்ப் பருவத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம்?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். நான் போன வகுப்புகளின் சுவரில் எல்லாம் நான்கு கட்டம் போட்ட சார்ட் ஒன்று தொங்கியது. ஸ்பிரிங் என்றால் டியூலிப் பூ. சம்மர் என்றால் கடற்கரைக் குடை. ஆட்டம் என்றால் ஆரஞ்சு நிறத்தில் உதிரும் மேப்பிள் இலை. விண்டர் என்றால் கேரட் மூக்கு வைத்த பனி மனிதன். இதில் எதையும் எங்கள் ஊர்ப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்காது. கைவேலையும் சார்ட்டைப் பார்த்துத்தான் நடக்கும். அக்டோபரில் ஆரஞ்சுத் தாளையும் பழுப்புத் தாளையும் கிழித்து ஒட்டுவார்கள். டிசம்பரில் பஞ்சை உருட்டி பனி மனிதன் செய்வார்கள். டிசம்பரிலும் வகுப்பில் ஃபேன் ஓடுவதால் பாதிப் பனி மனிதன் பறந்து அடுத்த பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருப்பான்.

போன ஐப்பசியில் ஒரு யு.கே.ஜி. பையனிடம் "இப்ப என்ன சீசன்டா?" என்று கேட்டேன். "ஆட்டம் சார்" என்றான். அப்படின்னா என்ன என்று கேட்டதற்கு, "இலையெல்லாம் கீழ விழுந்துடும்" என்றான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் மழையில் நனைந்து, கரும்பச்சையாக, கிளைக்குக் கிளை சொட்டிக்கொண்டு நின்றது. "அந்த மரத்துல விழுந்திருக்கா?" என்றேன். மரத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், யோசித்துவிட்டு, "நாளைக்கு விழும் சார்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. அவன் முட்டாள்தனமாக எதுவும் சொல்லவில்லை. சார்ட் ஒன்று சொல்கிறது, மரம் வேறு சொல்கிறது. சார்ட்டைத்தான் டீச்சர் மாட்டியிருக்கிறார். ஆகவே மரம்தான் லேட். ஐந்து வயதுப் பிள்ளை தன் கண்ணை விடச் சுவரை நம்பக் கற்றுக்கொண்டுவிட்டது. பருவம் பற்றிய பாடம் என்பது குழந்தை முதன்முதலாக 'கவனி, மறுபடி கவனி, ஒப்பிட்டுப் பார்' என்று பழகும் இடம். அறிவியல் என்ற பெயர் இல்லாமல் நடக்கும் முதல் அறிவியல் பாடம் அதுதான். அது இப்படித் தலைகீழாகப் போவதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, விவரத்துக்கு வருவோம். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் அதிகம். வருடத்திலேயே மரம் மிகப் பச்சையாக இருக்கும் சமயம் இது. அப்படியானால் நம் ஊரில் இலை உதிர்வதே இல்லையா? உதிர்கிறது. மாசியில். வேம்பு, அரசு இரண்டும் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டுகின்றன. காலையில் வாசல் பெருக்குகிறவர்களிடம் கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.

காரணமும் வேறு. குளிர் நாடுகளில் பகல் குறுகி, குளிர் ஏறும்போது இலையில் இருக்கும் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி தெரியவருகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. பிறகு இலை விழுகிறது. நம் ஊரில் மரத்துக்குக் குளிர் பிரச்சினையில்லை, தண்ணீர்தான் பிரச்சினை. மழை நின்று இரண்டு மாதத்தில் மண்ணின் ஈரம் இறங்குகிறது. இலை வழியாக நீர் ஆவியாகப் போவதைக் குறைக்க மரம் பழைய இலையை உதறுகிறது. வேம்பு மொட்டையாக அதிக நாள் நிற்பதுமில்லை. பழசு விழுந்துகொண்டிருக்கும்போதே தளிர் வந்துவிடும். அந்தத் தளிரைப் பாருங்கள், செம்பு நிறம். அரசந்தளிரும் மாந்தளிரும் அப்படித்தான். மேப்பிள் இலை விழப்போகும்போது சிவக்கிறது, நம் ஊர் இலை பிறக்கும்போது சிவப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வாதாமரம் என்று ஒன்று இருக்கிறது. அதன் அகன்ற இலை உதிரும் முன் நன்றாகச் சிவக்கும். ஆரஞ்சு, சிவப்பு இலை வேண்டும் என்று அடம்பிடிக்கும் டீச்சருக்கு வாதாமரத்தடியைக் காட்டலாம். காசு கொடுத்து வண்ணத்தாள் வாங்கவேண்டாம்.

இந்த சார்ட் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கலாம். ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் 1837-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், பாட் பிளாங்கன்புர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் தொடங்கினார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம். இது வெறும் உவமை இல்லை. நிஜத் தோட்டமும் இருந்தது. பொதுப் பாத்தி ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சின்னப் பாத்தி ஒன்று என்பது அவருடைய திட்டம். காகித மடிப்பு, நெசவு, களிமண் என்று அவர் வகுத்த கைவேலைகள் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடந்தவை. துரிங்கியாவில் அக்டோபரில் இலை உதிரும், டிசம்பரில் பனி கொட்டும். அந்த ஊருக்கு அந்த சார்ட் சரி. கைவேலை கப்பலேறி உலகமெல்லாம் போனது, தோட்டம் கூட வரவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது கே.ஜி. என்ற இரண்டெழுத்தும் மேப்பிள் இலையும்.

இது நமக்கு மட்டுமான தொல்லையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கோடை. கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் மட்டும் பனி. அங்கே தென்மேற்கில் வாழும் நூங்கார் பழங்குடியினருக்கு ஆறு பருவங்கள். எது பூக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரித்தவை. நமக்கும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு உண்டு. உடனே அந்த ஆறு பெயரையும் மனப்பாடம் செய்யவைக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. எல்.கே.ஜி. பிள்ளைக்கு 'கூதிர்' ஒப்பிப்பதும் 'ஆட்டம்' ஒப்பிப்பதும் ஒன்றுதான். பெயர் பிறகு வரட்டும்.

அப்ப என்னதான் செய்யலாம்? நாங்கள் செய்து பார்த்ததில் நன்றாக வந்தது ஒரே ஒரு மரம். பள்ளி வளாகத்து வேப்பமரத்தை மாதம் ஒருமுறை வெளியே போய்ப் பார்த்து, ஒரே அளவுத் தாளில் வரைவது. அவ்வளவுதான். நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிவது வேப்பமரத்துக்காகவே போட்டது போல இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது தரையெல்லாம் மஞ்சள் வேப்பம்பழம். அழும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக அதைவிட நல்ல சாக்கு கிடையாது. பொறுக்கலாம், பத்துப் பத்தாக வைக்கலாம், பழுத்தது காய் என்று பிரிக்கலாம். காக்கா ஏன் வருகிறது என்று கேட்கலாம். (தின்னக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஒருவன் தின்பான், கசந்து துப்புவான்.) ஐப்பசியில் மரம் கரும்பச்சை, அடிமரம் மழையில் கறுத்திருக்கும். மாசியில் மஞ்சள் இலை. பங்குனியில் செம்புத் தளிர். ஏப்ரலில் பூ, கீழே வெள்ளைப் பொடிபோலக் கொட்டிக் கிடக்கும்.

முதல் இரண்டு மாதம் படத்தில் மரமே தெரியாது. இந்த வயதில் அது இயல்பு. குழந்தை ஓவியத்தின் வளர்ச்சி பற்றி 1947-ல் புத்தகம் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், நான்கு முதல் ஏழு வயது வரை உள்ள கட்டத்தைத் தனியாகப் பிரிக்கிறார். கிறுக்கல் மெல்ல உருவமாக மாறும் கட்டம். நிறம் பொருளுக்குப் பொருந்தாது, அளவு பொருந்தாது, முக்கியமானது பெரிதாக இருக்கும். அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்ட வைப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தன் படத்தில் நம்பிக்கை போய்விடும் என்பது அவர் வாதம். எங்கள் தாள்களில் இதை நேராகவே பார்த்தேன். கலரிங் புக் நிறையச் செய்த பிள்ளைகள் ஜூனில் வரைந்த வேப்பமரம் ஆப்பிள் மரம். மேகம் போன்ற தலை, நடுவில் சிவப்பு உருண்டைகள். ஜனவரிக்குப் பிறகுதான் அவர்கள் தாளில் கிளை வர ஆரம்பித்தது. ஒரு பெண் வேப்பிலையின் ரம்பப் பல்லை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக வரைந்திருந்தாள். மரம் எங்கே என்று கேட்டால், "பின்னாடி இருக்கு" என்றாள்.

வரைய மறுக்கும் பிள்ளைக்கு இலைப் பதிவு இருக்கிறது. அரசிலையைக் குப்புறப்போட்டு, மேலே மெல்லிய தாளை வைத்து, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். மந்திரம் பார்த்தது போல வாய் பிளப்பார்கள்.

மற்ற மாதங்களுக்கும் ஊரில் பொருள் இருக்கிறது. ஆடியில் பனையோலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே கோத்து, நடுவில் முள் குத்தி, குச்சியில் செருகுவது. முள் குத்தும் வேலை பெரியவர்களுடையது. எந்தப் பக்கம் பார்த்து நின்றால் ஓடாமலே சுற்றுகிறது என்று தேடவிட்டால், காற்றின் திசை தானாகப் பாடமாகும். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி என்பதால் கடைத்தெருவில் களிமண் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குண்டுமணியை வகுப்பு வாசலுக்கே கொண்டுவராதீர்கள். அந்த விதை கடிபட்டு உள்ளே போனால் கொடிய விஷம். சின்ன விதை எதுவானாலும் மூன்று வயதுப் பிள்ளை மூக்கில் போட்டுக்கொள்ளும். கண்ணைக் குச்சியால் குத்தி வைத்தால் போதும். மார்கழியில் கோலம். யு.கே.ஜி.க்கு மூன்று புள்ளி, மூன்று வரிசை தாராளம். புள்ளி வைப்பதே எண்ணிக்கைப் பாடம், சுற்றி இழுப்பது எழுத்துக்கு முந்திய விரல் பயிற்சி.

மழையை அளப்பதுதான் சிக்கல். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே செருகி, வெளியே ஒரு தாள் பட்டையை ஒட்டினால் மழைமானி தயார். அடி வளைவாக இருந்தால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, நேரான இடத்திலிருந்து கோடு தொடங்கவேண்டும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். சிக்கல் இதில் இல்லை. நல்ல மழை என்றால் பள்ளிக்கு லீவு விட்டுவிடுகிறார்கள்! மழையைப் பார்க்கவேண்டிய அன்றைக்குப் பிள்ளை வகுப்பில் இல்லை. ஆகவே பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பாதி திரும்பி வரவில்லை. வந்த பாதியில் ஒரு தாத்தா தேதிபோட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

டீச்சர்களின் தயக்கத்தையும் சொல்லவேண்டும், அது நியாயமானது. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். மாலையில் வாட்ஸ்அப்பில் அழகான படம் எதிர்பார்க்கிறார்கள். பனி மனிதன் அழகாக இருக்கிறான். நான்கு வயது வரைந்த வேப்பமரம் விளக்குமாறு மாதிரி இருக்கிறது. போதாததற்கு ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் நான்கு சீசன் பெயரை ஆங்கிலத்தில் கேட்கும் இடங்களும் உண்டு. இதற்காக சார்ட்டைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். ஒரு டீச்சர் செய்தது எனக்குப் பிடித்தது. சார்ட்டின் மேலே உலகப் படத்தை ஒட்டி, ஐரோப்பாவிலிருந்து சார்ட்டுக்கு ஒரு நூல் கட்டினார். "இது அந்த ஊர்ப் பிள்ளைங்களோட சீசன்" என்று சொன்னார். பெயரும் கற்றுக்கொண்டாயிற்று, குழப்பமும் இல்லை. பெற்றோருக்குப் படத்தை அனுப்பும்போது பிள்ளை சொன்ன ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினார். "பின்னாடி இருக்கு" என்ற வரிக்கு வந்த இதயக் குறிகள் எந்தப் பனி மனிதனுக்கும் வந்ததில்லையாம்.

நீங்களும் செய்வதாக இருந்தால் ஒரு நடைமுறைக் குறிப்பு. மாதாமாதம் தாளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், தொலைந்துபோகும். பிள்ளை பெயர் போட்ட அட்டையில் சேர்த்து வையுங்கள். ஏப்ரல் கடைசி வாரம் பதினொன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, கலைத்துப் போட்டு, மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். மாசித் தாளையும் பங்குனித் தாளையும் வைத்துத்தான் பெரிய சண்டை நடக்கும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் கொஞ்ச நேரம் விட்டுவிடலாம்.