பருந்துக்கு விஷம் வேண்டாம். குஞ்சுக்கு வலை போதும்

நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பருந்து தூக்கிச் சென்றால், செத்த கோழியில் குருணை மருந்தைத் தூவி வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. ஒரு பருந்து செத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். விஷ இறைச்சியைத் தின்னும் நாயும் காகமும்தான் வீணாகச் சாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்தைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

முதலில், குஞ்சு எப்போது காணாமல் போகிறது என்று கவனியுங்கள். கள்ளப்பருந்தும் வல்லூறும் பகலில்தான் வேட்டையாடும். இரவில் இழப்பு என்றால் பூனை, மரநாய், பெருச்சாளி வரும் வழியை அடைக்க வேண்டும்.

முதல் 6 வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அதுவரை குஞ்சுகளைப் பஞ்சாரத்திலோ, மேலே மீன்வலை கட்டிய அடைப்பிலோ வளர்க்கலாம். மேய்ச்சல் இடத்தில் அடர்ந்த செடிகள் இருந்தால் குஞ்சுகள் ஓடி ஒளியும். மினுங்கும் ரிப்பன் கட்டுவோர் 2, 3 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால் பறவைகளுக்குப் பழகிவிடும். செத்த கோழி, இறைச்சிக் கழிவை வெளியே வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். பருந்தைக் கொல்லைக்கு அழைப்பதே அவைதான்.

நெல் வயலில் எலியைப் பிடிக்க, ஆந்தை உட்காரும் குச்சிகளை ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரை நடச் சொல்கிறோம். கொல்லையில் வைத்த விஷத்தைத் தின்று தடுமாறும் எலியை அதே ஆந்தை பிடித்தால், அதுவும் சாகும். குஞ்சைக் காக்க வைத்த விஷம், கடைசியில் நெல்லுக்குக் காவல் இல்லாமல் செய்துவிடும்.