மாட வீதியின் பாட்டுத் தாத்தா!

மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி மாதம் விடியற்காலையில் பஜனை கோஷ்டி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போகும் ஒருவர் ஓர் அடியைப் பாடுவார். பின்னால் வரும் பாட்டி, மாமா, அக்கா, வாண்டுகள் எல்லாரும் அதைத் திருப்பிப் பாடுவர். ஜால்ரா சத்தம் தெருவையே எழுப்பிவிடும்!

பல ஆண்டுகள் அந்தக் கோஷ்டிக்கு முன்னால் நடந்து சென்றவர் ஒரு பெரிய பாடலாசிரியர். பாட்டையும் அவரே எழுதினார். மெட்டையும் அவரே போட்டார். இப்படி இரண்டையும் செய்பவரை, 'வாக்கேயக்காரர்' என்பர். அவர்தான் பாபநாசம் சிவன். அவருடைய பாட்டுகளைப் பாடும் பலருக்கு அவர் பட்ட கஷ்டம் தெரியாது.

அப்பா இல்லாத பிள்ளை

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த போலகம் கிராமத்தில், 1890-ஆம் ஆண்டு, செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ராமையா. ஏழு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பிழைக்க வழி தெரியாத அம்மா யோகாம்பாள், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, உறவினர் இருந்த திருவனந்தபுரத்துக்குப் போனார்.

அங்கே ராமையா மலையாளம் கற்றார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்துப் பட்டமும் வாங்கினார். ஆனால், அவர் மனம் போனது பாட்டின் பக்கம். நீலகண்ட சிவன் என்ற பெரியவரின் பக்திப் பாடல்கள் அந்த ஊரில் பிரபலம். அவை சிறுவனின் மனதில் அப்படியே பதிந்துவிட்டன.

1910-ல் அம்மாவும் இறந்துபோனார். இருபது வயது இளைஞருக்கு இனி வீடு என்று ஒன்று இல்லை. கோவில் கோவிலாகப் போனார். திருவிழா நடக்கும் ஊரெல்லாம் போய்ப் பாடினார். பாபநாசத்தில் இருந்த அண்ணன் வீட்டில் தங்கினார். உடம்பெல்லாம் திருநீறு பூசிக் கொண்டு மெய்மறந்து பாடுவதைப் பார்த்த மக்கள், 'சிவன்' என்று கூப்பிட ஆரம்பித்தனர். ராமையா, 'பாபநாசம் சிவன்' ஆனது இப்படித்தான்!

மயிலைக்கு வந்தார்

பின்னர் சென்னைக்குக் குடிவந்தார். மயிலாப்பூரும், கபாலீஸ்வரர் கோவிலும் அவருக்குச் சொந்த ஊர் போல ஆகிவிட்டன. பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள் காலையில் கபாலீஸ்வரர் அதிகார நந்தி வாகனத்தில் வருவார். கூட்டத்தில் நின்று அந்த அழகைப் பார்த்த சிவன் பாடியதுதான், 'காணக் கண் கோடி வேண்டும்' என்ற காம்போதி ராகப் பாட்டு. தெருவில் பிறந்த அந்தப் பாட்டு, பிறகு பெரிய வித்வான்களின் கச்சேரி மேடைக்கும் போயிற்று.

அடையாறில் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில், 1930-களில் இசை ஆசிரியராகவும் இருந்தார்.

பாட்டில் என்ன ரகசியம்?

பஜனைப் பாட்டு என்றால் எல்லாரும் பாட வேண்டும். பாட்டிக்கும் எட்ட வேண்டும். பேரனுக்கும் எட்ட வேண்டும். குரல் ரொம்ப மேலே போனால் பாதிப் பேர் நின்றுவிடுவர். சொல் கடினமாக இருந்தாலோ திருப்பிச் சொல்ல வராது. நடந்துகொண்டே பாடுவதால், தாளம் காலடிக்கு ஒத்துப் போக வேண்டும். இத்தனையும் பார்த்து மெட்டுப் போடுவது எளிதல்ல!

கச்சேரியில் பாடும் கீர்த்தனையின் கதை வேறு. அதற்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதி உண்டு. பல்லவியில் சொன்ன கருத்தை அனுபல்லவி வளர்க்கும். சரணம் விரித்துச் சொல்லும். சிவன் இரண்டு வகையிலும் கைதேர்ந்தவர். அந்நாளில் மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே அதிகம் ஒலித்தன. எளிய தமிழில் இவர் பாட்டுகள் வந்ததும், மக்களுக்கு அர்த்தம் புரிந்தது. 'தமிழ்த் தியாகையர்' என்று பாராட்டினர்.

சில பாட்டுகளில், 'ராமதாசன்' என்ற சொல் வரும். அது வேறு யாருமல்ல, இவரேதான்! பாட்டுக்குள் தன் பெயரை வைப்பதை, 'முத்திரை' என்பர்.

வாயால் பாடிய பாட்டு, எழுதி வைக்காவிட்டால் காற்றோடு போய்விடும். நல்ல வேளையாக இவர் பாட்டுகள், 'கீர்த்தன மாலை' என்ற பெயரில் தொகுதி தொகுதியாக அச்சில் வந்தன. அதனால்தான் இன்று நாமும் கற்றுக்கொள்ள முடிகிறது.

சினிமாவிலும் சிவன்!

1934-ல் வந்த, 'சீதா கல்யாணம்' படத்துக்கு இசையமைத்தார். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த, 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' படங்களின் பாட்டுகளை எழுதினார். பட்டிதொட்டியெல்லாம் அவை ஒலித்தன.

நடிக்கவும் செய்தார். 1936-ல், 'பக்த குசேலா' படத்தில் குசேலர் இவர்தான். கல்கி எழுதிய, 'தியாக பூமி' கதை 1939-ல் படமானபோது, சம்பு சாஸ்திரியாக நடித்தார். சுதந்திர உணர்வை ஊட்டிய அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது!

சினிமாவில் இவ்வளவு புகழ் வந்த பிறகும், மார்கழி வந்தால் தெருவில் இறங்கிப் பாடுவதை இவர் விடவில்லை.

1971-ல் மியூசிக் அகாடமி, 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுத்தது. 1972-ல் மத்திய அரசு, 'பத்மபூஷண்' விருது வழங்கியது. 1973, அக்டோபர் 1-ந் தேதி மறைந்தார். இன்று மயிலாப்பூர்ப் பகுதியில் ஒரு சாலைக்கு, 'பாபநாசம் சிவன் சாலை' என்று பெயர்.

அமெரிக்காவிலும் ஒருவர்!

மக்கள் கூடிப் பாட மெட்டுப் போட்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1746-ல் பிறந்தவர் வில்லியம் பில்லிங்ஸ். தோல் பதனிடுவது அவர் தொழில். ஒரு கண்ணில் பார்வை இல்லை. இசையைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். தேவாலயங்களில் பாட மெட்டுகள் அமைத்து, 1770-ல் புத்தகமாக வெளியிட்டார். முழுக்க முழுக்க ஓர் அமெரிக்கரே மெட்டமைத்த முதல் பாட்டுப் புத்தகம் அது. ஆனாலும், 1800-ல் வறுமையில்தான் இறந்தார்.

குட்டீஸ்! இனி ஒரு பாட்டு பிடித்திருந்தால், அதைப் பாடியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார் என்றும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.