மரமட்டையும் மனிதக் கையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பழைய நாணயங்களைச் சேர்ப்போர் உண்டு. அஞ்சல்தலை சேர்ப்போர் உண்டு. தீப்பெட்டிப் படங்களை ஏட்டில் ஒட்டி வைத்து மகிழ்வோரும் உண்டு. ஆனால் டென்னிஸ் மட்டைகளைச் சேர்ப்பவரைக் காண்பது அரிது. "நான் ராக்கெட் சேர்க்கிறேன்" என்று நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "ஸ்ரீஹரிகோட்டாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார். ஆகவே இக்கட்டுரை முழுவதும் ‘மட்டை’ என்றே எழுதுகிறேன்.

என்னிடம் ஆறு மரமட்டைகள் இருக்கின்றன. ஆறின் விலையையும் கூட்டினாலும் இன்றைய நல்ல மட்டை ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. எல்லாம் பழைய இரும்புக் கடையிலும் வாரச்சந்தையிலும் கிடைத்தவை. பயனற்றவை என்று பிறர் எறிந்த இந்த மட்டைகளில் எவ்வளவு அறிவியலும் எவ்வளவு கைத்திறனும் ஒளிந்துள்ளன என்பதை எடுத்துக் காட்டுவதே என் நோக்கம்.

மரம் ஆண்ட காலம்

1874-ஆம் ஆண்டில் வால்டர் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. அன்று தொட்டு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்த ஆட்டத்தை மரமட்டையே ஆண்டது எனலாம்.

நம் தமிழகத்தின் பெருமையும் மரமட்டையில்தான் எழுதப்பட்டது. நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே. இராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல் ஆண்டில் அவரை வென்ற நீல் ஃபிரேசரும் மறு ஆண்டில் வென்ற ராட் லேவரும் அந்தந்த ஆண்டின் வாகை சூடியவர்கள். 1966-இல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டுத் தாமஸ் காக்கை அவர் வென்றதனாலேயே இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியது. கிருஷ்ணனின் ஆட்டத்தில் வலிமையைவிட நயமே மிகுதி என்பர். பந்தை அடிப்பதைவிட அதை வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதே அவர் கலை. அந்த நயத்திற்கும் மரமட்டைக்கும் உள்ள தொடர்பைப் பின்னர் காண்போம்.

மாற்றம் 1967-இல் தொடங்கியது. பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்த் வகுத்த எஃகு மட்டையை வில்சன் நிறுவனம் அவ்வாண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1976-இல் ஹோவர்டு ஹெட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பெரிய முகம் கொண்ட மட்டைக்குக் காப்புரிமை பெற்றார். மரமட்டையின் நரம்புப் பரப்பு சுமார் 65 முதல் 70 சதுர அங்குலம். அவருடைய மட்டையிலோ 110 சதுர அங்குலம்! வியப்பு என்னவென்றால், மட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவரை விதியே இருந்ததில்லை. 1977-இல் இரட்டை நரம்பு வலை கொண்ட ‘ஸ்பகெட்டி’ மட்டை பெருங்குழப்பம் விளைவித்த பின்னரே, 1978-இல் விதி வகுத்தார்கள்.

பின்னர்க் கரியிழை என்னும் கிராஃபைட் வந்தது. மரமட்டையால் பெருஞ்சிறப்பு வாய்ந்த ஆடவர் பட்டத்தைக் கடைசியாக வென்றவர், 1983-இல் பிரெஞ்சுப் போட்டியில் வாகை சூடிய யானிக் நோவா. 1987-க்குப் பின் விம்பிள்டன் களத்தில் மரமட்டை காணப்படவில்லை. ஓய்வு பெற்றிருந்த பியோர்ன் போர்க் 1991-இல் மான்டி கார்லோவில் மரமட்டையுடன் மீண்டும் களமிறங்கி, முதல் சுற்றிலேயே தோற்றார். எனவே மரமட்டை புதிய மட்டையை வெல்லும் என்று நான் வாதாடப் போவதில்லை. அது வேறு ஒன்றைச் செய்கிறது.

அப்பாவின் பாடம்

என் அப்பா தச்சர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களில் கதவும் நிலையும் கட்டிலும் செய்து என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான்தான் முதல்வன். முதல் மட்டையை முப்பது ரூபாய்க்கு வாங்கி வந்தபோது திட்டு விழும் என்றே எண்ணினேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி எண்ணினார்.

"இது ஒரே மரம் இல்லப்பா. ஒம்பது ஏடு ஒட்டியிருக்கான். நேரா வளர்ந்த மரம் மறுபடி நேராப் போகத்தான் பாக்கும். தனியா வளைச்சா நிக்காது. ஏடு ஏடா வளைச்சு ஒட்டினா ஒண்ணை ஒண்ணு விடாது" என்றார்.

நூலகத்தில் தேடியபோது அவர் சொன்னது முற்றிலும் சரியென்று கண்டேன். தொடக்க கால மட்டைகள் ஆஷ் என்னும் குளிர்நாட்டு மரத்தின் ஒரே சட்டத்தை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்யப்பட்டவை. நல்ல பசைகள் வந்த பின்னர், ஆஷ், பீச், மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய ஏடுகளை அச்சில் வளைத்து ஒட்டலாயினர். 1931-இல் வெளிவந்த டன்லப் நிறுவனத்தின் ‘மாக்ஸ்பிளை’ மட்டைக்கு அந்தப் பல ஏடுகளே பெயர் தந்தன. சட்டத்தை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் குறுகுகிறது. தடிப்பு பாதியானால் அந்த நீட்சியும் பாதியாகும். ஆகவே மெல்லிய ஏடு முறியாமல் வளைகிறது.

என் மட்டைகளில் இரண்டில் ‘ஜலந்தர்’ என்ற பெயர் பொறித்திருக்கிறது. பிரிவினைக்கு முன் விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்போன ஊர் சியால்கோட். 1947-இல் அங்கிருந்து வந்த கைவினைஞர் பலர் ஜலந்தரில் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். அவர்கள் ஹாக்கிக் கோலுக்கும் மட்டைக்கும் பயன்படுத்திய மரங்களுள் ஒன்று மல்பெரி. நம் மாவட்டத்தில் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் அதே மல்பெரிதான்! இங்கே இடுப்பளவுச் செடியாக வெட்டி வளர்க்கிறோம். வெட்டாமல் விட்டால் அது வலிய மரமாகிறது.

மரமட்டையின் பகை ஈரம். நரம்புகளின் இழுப்போ ஓயாதது. நெடுக்கில் 18 நரம்புகள், ஒவ்வொன்றும் 25 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு என்று கொண்டால், மொத்தம் 450 கிலோ! ஓர் உழவு மாட்டின் எடைக்குக் குறையாத இந்த இழுப்பைத் தாங்கியபடியே மட்டை இரவும் பகலும் கிடக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்நாளில் ஆட்டம் முடிந்ததும் மட்டையை ‘பிரஸ்’ எனப்படும் மரச்சட்டத்தில் வைத்து நான்கு மூலையிலும் திருகி இறுக்கினார்கள். என் ஆறு மட்டைகளுக்கும் அப்பா வேப்பமரத் துண்டுகளில் பிரஸ் செய்து கொடுத்திருக்கிறார்.

ஆய்வுக்கூடத்தில்

நிற்க. மட்டையின் நடுவில் பந்து பட்டால் கைக்கு இதமாக இருக்கிறது. ஓரத்தில் பட்டால் கை அதிர்கிறது. ஏன்? அமெரிக்க இயற்பியலாளர் ஹோவர்டு புரோடி இதனை ஆராய்ந்து, மட்டையில் இனிய புள்ளி ஒன்றல்ல, மூன்று என்று விளக்கினார். அதிர்வு எழாத கணு ஒன்று. கைக்கு உதைப்பு வராத இடம் மற்றொன்று. பந்து மிகுதியாக எழும்பும் இடம் மூன்றாவது.

முதலாவதை யாரும் கண்டுபிடிக்கலாம். கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து, நரம்பு வலையை விரல் முட்டியால் ஆங்காங்கே தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சட்டம் அதிராமல் அடங்கும். அதுவே கணு.

இரண்டாவதற்கு நாம் முதலாண்டில் செய்த கூட்டு ஊசல் சோதனையே போதும். கைப்பிடியை இறுக்கும் சிறிய மரக்கவ்வி ஒன்றை அப்பா செய்து தந்தார். அதன் இரு பக்க ஆணிகளைப் பலகைகளின் விளிம்பில் அமர்த்தி, மட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினேன். 20 அலைவுகளுக்கு 26 வினாடி; அலைவு நேரம் 1.3 வினாடி. நாம் அறிந்த வாய்பாட்டின்படி, சமமான தனி ஊசலின் நீளம் சுமார் 42 செ.மீ. ஆணி இருந்தது கைப்பிடி நுனியிலிருந்து 5 செ.மீ. தொலைவில். ஆகவே உதைப்பு வராத இடம் நுனியிலிருந்து 47 செ.மீ. தொலைவில் இருக்கிறது. இது வலையின் நடுவைவிடச் சுமார் 7 செ.மீ. கைப்பிடிப் பக்கம் தள்ளியுள்ளது. இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். "கோடாலியிலும் அப்படித்தான். பிடிக்கிற இடம் தப்பினா கை விறுவிறுங்கும்" என்றார். வாய்பாடு அறியாதவர், ஆனால் விடையை முப்பதாண்டாகக் கையில் வைத்திருப்பவர்.

இனிப் பெரிய முகத்தின் சூட்சுமத்தைக் காண்போம். பந்து நடுக்கோட்டை விட்டு விலகிப் பட்டால் மட்டை கைக்குள் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது நிலைமத் திருப்புத்திறன். அது அச்சிலிருந்து உள்ள தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. விளிம்பு ஒன்றரை மடங்கு தள்ளிப் போனால், அதே நிறைக்குத் திருப்புத்திறன் இரண்டேகால் மடங்காகும். அதனால் அகன்ற மட்டை பிழையைப் பொறுத்துக்கொள்கிறது; குறுகிய மரமட்டை பொறுப்பதில்லை. மேலும், பந்து நரம்பில் தங்குவது வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரமே. அதற்குள் மரச்சட்டம் பின்னுக்கு வளைகிறது. அது திரும்பி வருமுன் பந்து போய்விடுகிறது. அந்த ஆற்றல் வீணாகிறது. விறைப்பான கிராஃபைட்டில் இவ்விழப்பு குறைவு.

ஆடிப் பார்த்தால்

நம் மாவட்டத்தில் டென்னிஸ் களங்கள் மிகக் குறைவு. ஆனால் பூப்பந்துக் களம் இல்லாத ஊர் இல்லை. பூப்பந்துக் களத்தின் அளவு 24 மீட்டருக்கு 12 மீட்டர். டென்னிஸ் இரட்டையர் களம் 23.77 மீட்டருக்கு 10.97 மீட்டர். அதற்குள் இது அழகாக அடங்கிவிடும்! சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையைத் தாழ்த்திக் கட்டினால் போதும். பூப்பந்து ஆடிப் பழகிய கைகளுக்கு மரமட்டை அந்நியமுமல்ல.

நண்பரின் கிராஃபைட் மட்டை சுமார் 300 கிராம்; என் மரமட்டை 380 கிராம். கிராஃபைட்டில் ஓரத்தில் பட்ட பந்தும் வலையைத் தாண்டியது. மரமட்டையில் முதல் வாரம் 20 பந்துகளில் 7 மட்டுமே தாண்டின. கையை வீசுவதைக் குறைத்து, பந்தை இறுதிவரை பார்த்து, நடுவில் வாங்கப் பழகினேன். இரண்டு மாதத்தில் அது 15 ஆயிற்று. பின்னர் நண்பரின் மட்டையை வாங்கி ஆடியபோதும் அப்பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கிருஷ்ணனின் நயம் எங்கிருந்து வந்தது என்பதும் ஓரளவு விளங்கியது. வலிமையைத் தராத மட்டை, நயத்தைக் கேட்டு வாங்குகிறது.

சேர்க்க விரும்புவோர்க்கு

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. மட்டையில் மட்டும் கோணல் உண்மையாகவே இருக்கலாம். மேசை மீது படுக்க வைத்து, எல்லாப் பக்கமும் படிகிறதா என்று பாருங்கள். கழுத்தருகிலும் நரம்புத் துளைகளிலும் விரிசல் உண்டா, பூச்சி துளைத்த பொடி உதிர்கிறதா என்று கவனியுங்கள். ஒரு நரம்பு அறுந்திருந்தால் மற்றவற்றையும் நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி வெட்டிவிடுங்கள். இல்லையேல் ஒருபக்க இழுப்பு சட்டத்தைக் கோணலாக்கும். மறுபடி நரம்பு கட்டும்போது நைலானே போதும். 20 கிலோ இழுப்புக்கு மேல் கேட்காதீர்கள். தகரக் கூரைக்கடியில் பரணில் போடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயில் பசையையே இளக்கிவிடும். எங்கே கிடைத்தது, எடை என்ன, என்ன எழுத்துப் பொறித்துள்ளது என்பதை ஏட்டில் குறித்து வையுங்கள். குறிப்பு இல்லாத சேகரிப்பு வெறும் விறகுக் கட்டு.

அறிவுடைய கை

பழைய இரும்புக் கடையில் மரமட்டைக்கு எடை மதிப்பு கூடக் கிடையாது. இரும்பு இல்லாததால் அடுப்புக்குப் போகிறது. ஆயத்தக் கதவுகளும் இரும்புக் கட்டில்களும் வந்த பின் என் அப்பாவுக்கும் மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை. மரத்தின் வரியைப் பார்த்து அது எந்தப் பக்கம் கோணும் என்று சொல்லும் கண், அடுத்த தலைமுறையில் எத்தனை பேருக்கு இருக்கும்? படித்து வேறு வேலைக்குப் போகவே அப்பா என்னை அனுப்பினார். நானும் போவேன். ஆனால் அவர் அறிந்ததை அறிவு என்று ஏட்டில் எழுதி வைத்துவிட்டே போவேன்.

ஆகவே மாணவ நண்பர்களே, மதிப்பிற்குரிய பேராசிரியர்களே! உங்கள் வீட்டுப் பரணில் மரமட்டை ஒன்று கிடந்தால், எறிந்துவிடாமல் இயற்பியல் துறைக்குக் கொண்டு வாருங்கள். கூட்டு ஊசலாகத் தொங்கவிட்டு அளப்போம். நரம்பு கட்டிப் பூப்பந்துக் களத்தில் ஆடியும் பார்ப்போம். பிரஸ் செய்து தர அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.