பயிற்சியா, வடிகட்டலா? மென்பொருள் நிறுவனங்கள் மாற்றி எழுத வேண்டிய பாடத்திட்டம்

புது தில்லி: மென்பொருள் நிறுவனம் ஒன்று தனது பயிற்சித் திட்டத்தை எப்படி அமைத்துக்கொள்கிறது என்பது அந்த நிறுவனத்தின் உள்விவகாரம் என்றே நீண்டகாலம் கருதப்பட்டு வந்தது. அந்த எண்ணத்தை 2025 பிப்ரவரியில் மைசூரில் நடந்த நிகழ்வு மாற்றியது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பட்டதாரிகள் வெளியேற்றப்பட்டதைத் தொடர்ந்து, தில்லியிலுள்ள மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கர்நாடகத் தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

நிறுவனத்தின் உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறாதவர்களே அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை இருப்பதாகவும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே நடைமுறை பின்பற்றப்படுவதாகவும் நிறுவனம் விளக்கம் அளித்தது. வெளியேற்றப்பட்டோர் எண்ணிக்கை எழுநூறு என்றது, அமைச்சகத்திடம் முறையிட்ட 'நைட்ஸ்' என்ற தகவல் தொழில்நுட்பப் பணியாளர் அமைப்பு. முந்தைய அணியினருக்கு இருந்ததைவிடப் பாடமும் தேர்வும் கடினமாக்கப்பட்டன என்பது பாதிக்கப்பட்டோரின் புகார். இவர்களில் பலர் 2022-இலேயே வேலைக்கான கடிதம் பெற்று, இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் பயிற்சியில் சேர்ந்தவர்கள்.

கல்லூரி விட்ட குறை

பட்டம் பெற்றவருக்கு நிறுவனமே மீண்டும் பாடம் நடத்துவது இந்திய மென்பொருள் துறையின் தனிக்கூறு. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே பன்னாட்டு நிறுவனங்களில் பணிபுரியத் தகுதியானவர் என்று 2005-இல் நாஸ்காம்-மெக்கின்ஸி அறிக்கை கூறியது. கல்லூரிகள் விட்ட குறையை நிரப்ப இன்ஃபோசிஸ் 2004-இல் 'கேம்பஸ் கனெக்ட்' திட்டத்தைத் தொடங்கியது. மைசூர் வளாகம், ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம்போல் வளர்ந்தது. பிற பெரிய நிறுவனங்களும் இதே வழியில் சென்றன.

ஆனால் அந்தப் பயிற்சியின் அடிப்படை, பெருந்திரளான பட்டதாரிகளைச் சில மாதங்களில் ஒரே அச்சில் வார்ப்பது. ஜாவா போன்ற ஒரு நிரல்மொழி, தரவுத்தளப் பாடம், அதன்பின் தேர்வு. எந்தத் திட்டப்பணிக்கு அனுப்பப்படுவார் என்பது தெரியாத நிலையில், எல்லோருக்கும் பொதுவான அடித்தளம் என்பது அன்று பொருத்தமாகவே இருந்தது.

இணையம் கேட்கும் திறன்

இணையதளங்களை உருவாக்கும் பணிக்கு இது போதாது. ஒரு பக்கத்தின் கட்டமைப்புக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட், அதன்பின்னே சர்வர், தரவுத்தளம் என எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தனித்தனியே படித்துத் தேறியவர்கூட, ஒரு பக்கம் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் திகைத்து நிற்பதுண்டு. பிறர் எழுதிய நிரலைப் படிப்பது, பிழையைத் தேடிப் பிடிப்பது, பலர் ஒரே நிரலில் வேலை செய்யும்போது மாற்றங்களைப் பதிவு செய்வது ஆகியவையே அன்றாடப் பணி. வேகம் குறைந்த செல்பேசி இணைப்பிலும் பக்கம் திறக்க வேண்டும். பார்வையற்றவரும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். கேள்விக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இத்திறன்களை அளப்பதில்லை.

இதில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய வருமான வரி இணையதளம் 2021 ஜூன் 7-இல் தொடங்கப்பட்டது முதல் கோளாறுகளால் திணறியது. ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்துக் கெடு விதித்தார். அந்தக் கோளாறுகளைப் பயிற்சியோடு முடிச்சுப் போட முடியாது. ஆயினும் வரி, ரயில் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு என அரசின் வாசல்கள் இணையத்துக்கு மாறிவிட்ட நிலையில், அவற்றைக் கட்டுவோரின் தேர்ச்சி பொதுநலன் சார்ந்ததாகிவிட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு நெருக்கடி கூடியிருக்கிறது. தொடக்க நிலைப் பணியாளர் எழுதிவந்த எளிய நிரலை இன்று இயந்திரமே எழுதித் தருகிறது. எனவே, இயந்திரம் எழுதியது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவே இனிப் பயிற்சியின் மையமாக வேண்டும். அதைப் படிப்படியாக, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான திட்டப்பணியில்தான் வளர்க்க இயலும்.

இழப்பு யாருக்கு?

தேறாதவரை வாடிக்கையாளரின் பணிக்கு அனுப்ப இயலாது என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் உண்டு. கேள்வி வேறு. இரண்டாவது வாரத்திலேயே பின்தங்கியவரைக் கண்டறிந்து கைதூக்கிவிடும் தேர்வு ஒருவகை. மாதக்கணக்கில் காத்திருந்து கடைசியில் கழித்துக்கட்டும் தேர்வு மற்றொரு வகை. முதலாவது பயிற்சியின் பகுதி, இரண்டாவது வடிகட்டல். வடிகட்டலில், கல்லூரியின் குறைக்கும் வேலைக்கு ஆளெடுப்பதில் நிறுவனம் செய்த தவறான கணிப்புக்கும் விலை கொடுப்பவர் இளைஞர் மட்டுமே. வேறு வாய்ப்புகளைக் கைவிட்டுக் காத்திருந்த ஆண்டுகள் திரும்ப வருவதில்லை.

சட்டமும் இங்கே மெலிந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும். நிறுவனத்தின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால் பழகுநருக்கு இழப்பீடு உண்டு. நிறுவனம் தானே நடத்தும் பயிற்சியில் சேர்பவருக்கோ, அந்தப் பதிவும் இல்லை. நிரந்தரப் பணியாளருக்குரிய காப்பும் இல்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. பயிற்சிக் கடிதத்துக்கும் அதே தெளிவு தேவை.

மைசூர் நிகழ்வுக்குப் பின் வெளியேற்றப்பட்டோருக்கு ஒரு மாத ஊதியத்துக்கு ஈடான தொகையும், வெளிநிறுவனங்கள் வழியாக மாற்றுப் பயிற்சியும் அளிக்க இன்ஃபோசிஸ் முன்வந்தது. மாற்றுவழி சாத்தியம் என்பதையே அது காட்டுகிறது. அந்த வழி, எதிர்ப்பு எழுந்த பின் வரும் சலுகையாக இல்லாமல், பயிற்சித் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். பாடங்கள், தேர்ச்சி மதிப்பெண், வாய்ப்புகளின் எண்ணிக்கை ஆகியவை வேலைக்கான கடிதத்துடனே தரப்பட்டு, அந்த அணி முடியும்வரை மாறாதிருக்க வேண்டும். தேறாதவருக்கு நிறுவனத்துக்குள்ளேயே சோதனை, பராமரிப்பு போன்ற பணிகளுக்கு வழி இருக்க வேண்டும். ஜாவாவுக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டைச் சேர்ப்பது பாடத்திட்ட மாற்றம் மட்டுமே. தோல்வியின் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிப்பதே பயிற்சியில் செய்யும் சீர்திருத்தம்.