துடிக்கும் கிற்றார் ஒலி

வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் கிற்றார் பயிலும் மாணவர் பலருக்கு ஓர் ஏக்கம் உண்டு. ஒலிப்பதிவிற் கேட்ட நாதம் தம் கருவியிற் பிறப்பதில்லை. உடனே விலையுயர்ந்த வேறு கிற்றார் வேண்டுமென்று தந்தையாரை நச்சரிப்பர். குறை பெரும்பாலும் கிற்றாரில் இருப்பதில்லை.

மான்செஸ்டர் நகரத்து ‘தி ஸ்மித்ஸ்’ குழுவினர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹவ் சூன் இஸ் நவ்’ என்னும் பாடல் இதற்குத் தக்க சான்று. பெரிய கம்பனிகளைச் சாராத சிறு கம்பனிகள் வளர்த்த ரொக் இசையை ‘இண்டி’ என்பர். இப்பாடல் அவ்வகையில் புகழ்பெற்றது. தொடங்கியதுமே கிற்றார் ஒலி நீர்மேல் நிலவுபோலத் துடிக்கும்.

அத்துடிப்பு விரலில் எழுந்ததன்று. ஜோனி மார் முதலிற் சாதாரணமாகவே வாசித்துப் பதிவுசெய்தார். பின்னர் அப்பதிவைப் ‘பெண்டர் ருவின் ரிவேர்ப்’ அம்பிளிபயர்கள் நான்கினூடாகச் செலுத்தி, ஒவ்வொன்றிலும் ‘ட்ரெமலோ’வை இயக்கினர். இரண்டை அவரும் மற்ற இரண்டைத் தயாரிப்பாளர் ஜோன் போர்ட்டரும் கவனித்துக்கொண்டனர். நான்கும் தாளத்தோடு சிறிது நேரமே ஒத்துப்போகும். விலகியதும் நாடாவைப் பின்னே சுற்றி மீண்டும் தொடங்குவர். ஒரே மூச்சாக நாம் கேட்பது துண்டு துண்டாகப் பதிந்ததே.

ட்ரெமலோ ஒலியின் உரப்பைக் கூட்டிக் குறைக்கும், சுருதியைத் தொடாது. சுருதி அசைந்தால் அது ‘வைப்ரேற்றோ’. நம் கமகத்துக்கு உறவு. வேடிக்கை என்னவெனில், பெண்டர் கம்பனியார் தம் அம்பிளிபயரின் ட்ரெமலோவுக்கு ‘வைப்ரேற்றோ’ என்றும், கிற்றாரிற் சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு ‘ட்ரெமலோ’ என்றும் பெயரை மாற்றி வைத்துவிட்டனர்! பெயரை நம்பித் திருகுபவர் ஏமாறுவர்.

வேகமே இங்கு உயிர். நிமிடத்துக்கு 90 அடி செல்லும் பாடலில் அடிக்கு நான்கு துடிப்பு வேண்டுமாயின் நிமிடத்துக்கு 360. அதாவது விநாடிக்கு 6. சங்கீதம் பயின்ற பிள்ளைகளுக்கு இது சதுஸ்ர நடையேயன்றி வேறில்லை. காலால் தட்டிக் காட்டினால் அவ்வேகத்தைப் பற்றிக்கொள்ளும் ட்ரெமலோ பெடல்கள் இப்பொழுது கிடைக்கின்றன. ட்ரெமலோவுக்குப் பின்னால் கரகரப்பூட்டும் பெடலை வைத்தலாகாது. ஒலியின் மேடுபள்ளங்களை அது மழுக்கிவிடும். தெளிந்த ஒலியிலேதான் துடிப்பு விளங்கும்.

ஆகவே, கையிலுள்ள கிற்றாரும் சிறிய அம்பிளிபயர் ஒன்றும் ஒரு பெடலும் போதும். ருவின் ரிவேர்ப் 85 வாற் ஆற்றலுடையது. மாடிவீட்டில் அதனை முழக்கினால் அயலார் படியேறி வருவர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் அம்பிளிபயர் 120 வோல்ற்றுக்கு அமைந்ததாயிருக்கலாம். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று. நேரே செருகினால் கருவி கருகும், தீப்பற்றவும் கூடும். பின்புறத்து எழுத்தை முதலிற் படியுங்கள். 120 மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையே இணைத்த பின்னரே பிள்ளையின் கையிற் கொடுங்கள்.