ஐப்பசியில் குதிரைக்குக் குளிருமா?

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் செஞ்சியை அடுத்த தொண்டூர்ப் பக்கம் போயிருந்தேன். மதியம் வரை சுள்ளென்று வெயில். மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் சமணப் படுக்கைகள் இருக்கும் பாறையைப் பார்க்கலாம் என்று கிளம்பியவனை, சாலையோரப் புளியமரம் ஒன்று நிறுத்திவிட்டது. அதன் அடியில் ஒரு வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. இரண்டு கோணிச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றாகத் தைத்து, அதன் முதுகில் போர்த்தியிருந்தார்கள். சாக்கின் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் காற்று வீசும்போதெல்லாம் குதிரையின் தொடைத் தோல் அலை அலையாக உதறியது.

"நமக்கே குளுருதே சார், அதுக்குக் குளுராதா?" என்றார் குதிரைக்காரர். தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தார்.

அந்தக் கேள்வியில் இருந்த அன்பு என்னைத் தொட்டது. ஆனால் நமக்குக் குளிர்வதை வைத்துக் குதிரையின் குளிரை அளக்க முடியாது. இந்த ஒரு கணக்குப் பிசகால்தான் உலகம் முழுவதும் குதிரைகள் வேண்டாத நேரத்தில் போர்வைக்குள் வேர்க்கின்றன, வேண்டிய நேரத்தில் வெறும் முதுகோடு நடுங்குகின்றன.

நம் உடம்பு சிறியது, தோலில் அடர்ந்த மயிரும் இல்லை. துணி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் 28 டிகிரிக்குக் கீழே போனதுமே நம் உடம்பு சூட்டைக் காப்பாற்றத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. குதிரை நானூறு கிலோ எடையுள்ள உயிர். பெரிய அண்டாவில் கொதித்த தண்ணீர் ஆற நேரமாகும், டம்ளரில் ஊற்றியது சட்டென்று ஆறிவிடும். அதே கணக்குத்தான். குளிர்நாட்டுக்குப் பழகிய குதிரைகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை அவற்றுக்குத் தனியாக எந்த உழைப்பும் தேவைப்படவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அடர்ந்த குளிர்கால மயிர் வளர்ந்துவிட்டால், வாட்டசாட்டமான உடம்பும் நல்ல தீனியும் இருக்கிற குதிரை உறைபனிக்குக் கீழேயும் திறந்த வெளியில் நிம்மதியாக நிற்கும்.

இதற்கு அதன் வயிற்றுக்குள் இருக்கிற அடுப்பும் ஒரு காரணம். குதிரை அசைபோடாது. மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதிப்பு, குதிரைக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நடக்கிறது. சிறுகுடலைத் தாண்டியதும் ஒரு பெரிய பை, அதைத் தொடர்ந்து மடங்கி மடங்கிக் கிடக்கும் பெருங்குடல். இரண்டும் சேர்ந்து நூறு லிட்டர் கொள்ளளவு இருக்கும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கின்றன. சாண எருக்குழியில் கை வைத்தால் சுடுமே, அது போன்ற சூடுதான். குளிர் இரவில் குதிரைக்கு முதலில் தேவைப்படுவது கூடுதலாக இரண்டு கட்டுக் காய்ந்த புல். "கொள்ளு சூடு" என்று சொல்லி மழைக்காலத்தில் அள்ளி வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. கொள்ளு நல்ல தீனி, சத்தும் தரும். ஆனால் இரவு முழுக்கக் கணகணவென்று சூடு தருவது நார்தான். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் சூட்டைவிட வயிற்றுவலிதான் முந்திக்கொண்டு வரும். குதிரைக்கு வயிற்றுவலி உயிருக்கே ஆபத்தானது.

தீனி பிசகு இங்கே பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆனால் அவை நிலைப்பதில்லை என்று எழுதி வைத்தார். சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய வியப்பு. அரபு நாட்டு வறண்ட மண்ணில் புல்லும் வாற்கோதுமையும் தின்று வளர்ந்த உயிர்கள் அவை. கடல் கடந்து வந்து, ஈரக்காற்றில், பழகாத தீனியில் எப்படி வாடியிருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

அடுத்தது மயிர். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிர்ந்ததும் அது இழுத்து மயிரை நிமிர்த்திவிடும். நமக்குப் புல்லரிக்கிறதே, அதே வேலை. நமக்கு அதனால் பயனில்லை. குதிரைக்கோ நிமிர்ந்த மயிர்களுக்கு நடுவில் அசையாத காற்று தங்கிக்கொள்கிறது. காற்றைப் போல வெப்பத்தைத் தடுக்கும் பொருள் குறைவு. மயிரில் இயல்பாகவே எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. சாதாரணத் தூறல் அதன் மேல் உருண்டு ஓடிவிடும். தூறல் விட்டதும் குதிரையின் மேல்மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே நனைந்து ஒட்டியிருக்கும், அடியில் தோல் காய்ந்தே இருக்கும். அப்படி இருந்தால் அதன் கூரை ஒழுகவில்லை. மழைக்காலத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் இந்தக் கூரையைத் தாங்களே பிரித்துவிடுகிறார்கள்.

இந்தக் கூரையைப் பிரிக்கிற வேலையைப் போர்வையும் செய்யும். கனமில்லாத மெல்லிய துணியானாலும் சரி, நனைந்த சாக்கானாலும் சரி, நிமிர வேண்டிய மயிரை அது அமுக்கிப் படுக்க வைத்துவிடும். குதிரை தானே வைத்திருந்த காற்றுப் படலம் போய்விடும். அதற்குப் பதிலாக நாம் போர்த்தியது அதைவிட நல்லதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்த்தாமல் விட்டிருப்பதே மேல். கோணி நனைந்தால் உடம்போடு ஒட்டிய ஈரத்துணிதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை வைத்து எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். சாக்கு உறிஞ்சிய ஒவ்வொரு லிட்டரும் காய்வதற்கு வேண்டிய வெப்பத்தின் பெரும்பங்கைக் குதிரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தொண்டூர்க் குதிரையின் தொடை உதறியது இந்தக் கடன் கட்டத்தான். நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே அசைந்து சூடு உண்டாக்குவது.

எனவே நம் ஊரில் பகை வெறும் குளிரன்று. ஈரமும் காற்றும் சேர்வதுதான். மயிர் குட்டையாக இருக்கிற குதிரைக்கோ, தோல் வரை நனைந்த குதிரைக்கோ, தாக்குப்பிடிக்கும் எல்லை சுமார் 15 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது என்று கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதோடு காற்றும் வீசினால் அந்த எல்லை இன்னும் மேலே போகும். செஞ்சிச் சமவெளியில் ஐப்பசி இரவு பெரும்பாலும் இருபது டிகிரிக்கு மேலேயே இருக்கும். காய்ந்த உடம்போடு இருக்கிற நல்ல குதிரைக்கு அது குளிரே கிடையாது.

செஞ்சிக்காரர்களுக்கு நனைந்த குதிரை என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். தேசிங்கு ராஜன் என்று நாம் பாடிக்கொண்டிருக்கும் தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714 அக்டோபரில் போருக்குப் போனபோது, செஞ்சி ஆற்றில் வெள்ளம் புரண்டதாகவும், அவன் குதிரையோடு நீந்திக் கடந்ததாகவும் சொல்வார்கள். அது ஐப்பசியை ஒட்டிய காலம். அவன் போரில் மடிந்தான். நீலாம்பூண்டியில் குதிரையின் சமாதி என்று ஒரு இடத்தை ஊரார் இன்றும் காட்டுகிறார்கள். கோட்டைக்குள் கல்யாண மகாலை ஒட்டி, வரிசையாக வளைவு வைத்துக் கட்டிய அறைகளைக் குதிரை லாயம் என்று காட்டுவார்கள். மழை நாளில் அங்கே நின்றிருக்கிறேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே கல்தரை காய்ந்திருந்தது, காற்றும் தேங்கவில்லை. குதிரைக்கு நாம் தரக்கூடிய முதல் போர்வை இப்படி ஒரு கூரைதான். சுற்றிலும் அடைத்த அறையைவிட, மழைக்காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்த கொட்டகையே நல்லது. மூத்திர வாடை தேங்கினால் மூச்சுக்குழாய் கெட்டுவிடும்.

கொட்டகைக்கு வழியில்லாமல் திறந்த வெளியில் நின்ற குதிரைகளும் இந்த மண்ணில் ஏராளம். முகலாயர்கள் செஞ்சியை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டார்கள். அந்தப் படையோடு இருந்த பீம்சேன், மழைக்காலத்தில் சுற்றுவட்டாரமே நீர்நிலை போலக் கிடந்ததையும், தானியம் விலையேறிப் போனதையும் எழுதியிருக்கிறார். மேலே மழை, வயிற்றில் தீனி இல்லை. ஒரு குதிரைக்கு இதைவிடக் கொடுமையான சேர்க்கை இருக்க முடியாது.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருக்கிற அட்டவணைகள் நமக்கு அப்படியே பொருந்தாததற்கு இன்னொரு காரணம் பகலின் நீளம். குதிரைக்கு மயிர் வளர்வதையும் உதிர்வதையும் தூண்டுவதில் முதலிடம் பகல் நீளுவதற்கும் குறுகுவதற்கும்தான், குளிரெல்லாம் பிறகுதான். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். செஞ்சியில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. அதனால் நம் குதிரை மார்கழிக்கென்று கம்பளி மயிர் வளர்த்துக்கொள்வதில்லை, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய கோடைச் சட்டையோடுதான் நிற்கிறது. இங்கே அதற்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. அதையே மலைக்கு ஏற்றினால் நிலைமை மாறிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி படியும். சமவெளியில் வளர்ந்த சவாரிக் குதிரையை அந்தப் பருவத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரம் அதற்குப் போர்வை கட்டாயம் வேண்டும். புதிய குளிருக்கு உடம்பு பழக அவ்வளவு நாள் ஆகும்.

சமவெளியிலும் சில குதிரைகளுக்குப் போர்வை தேவைதான். கிழடு தட்டியவை, விலா எலும்பு தெரிய மெலிந்தவை, நோயிலிருந்து எழுந்தவை, பிறந்து சில வாரமே ஆன குட்டிகள், மயிரை மழித்து வைத்திருக்கும் பந்தயக் குதிரைகள். கொழுப்பும் மயிரும்தான் குதிரையின் இரண்டு மேலாடைகள். ஒன்று குறைந்தால் நாம் ஈடு கட்ட வேண்டும். இன்னொன்று, புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் நின்றுகொண்டே கொட்டியது. செஞ்சிக்குக் கிழக்கே மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. எந்த எண்ணெய்ப் பசையும் அந்த மழைக்குத் தாங்காது. ஒதுங்க இடமில்லாத குதிரைக்கு அன்று ஒரு நல்ல மழைப்போர்வை பெரிய துணையாக இருந்திருக்கும்.

நல்ல மழைப்போர்வை என்றால் வெளியே நீர் புகாதது, உள்ளிருந்து வேர்வை ஆவியை வெளியே விடுவது. நம் தட்பவெப்பத்துக்குப் பஞ்சு வைக்காத மெல்லிய உறையே போதும். கனமாகப் பஞ்சு அடைத்த வெளிநாட்டுப் போர்வைகள் இங்கே தேவையில்லை. தார்ப்பாயை வெட்டிக் கட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது மழையைத் தடுக்கும், ஆனால் வேர்வையையும் உள்ளேயே பூட்டி வைக்கும். இரண்டு நாள் அப்படி ஈரத்தில் வெந்தால் முதுகில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, பொருக்குத் தட்டி, இழுத்தால் தோலோடு பெயர்ந்து வரும். ஈரத்தில் பெருகும் ஒரு வகைப் பாக்டீரியா செய்கிற வேலை அது. கொட்டகைக்குள் போர்த்த, ஆட்டுமயிர்க் கம்பளி அருமையானது. கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டும் சூட்டை விடாது. அதை மழையில் மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஐப்பசியின் உண்மையான சிக்கல் அதன் மாறுகிற குணம்தான். விடிகாலையில் சாரல், பத்து மணிக்குப் பளீரென்று வெயில், மாலையில் மறுபடி மழை. காலையில் போர்த்திவிட்டு வேலைக்குப் போகிறவர், பதினோரு மணி வெயிலில் போர்வைக்குள் குதிரை என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். குதிரைக்கு வேர்த்துத்தான் உடம்பு ஆறும். போர்வைக்குள் வேர்வை ஆவியாக முடியாது. கழற்ற ஆள் இல்லாவிட்டால் போர்த்தாதீர்கள் என்பேன். காய்ந்த இடமும் புல்லும் இருக்கிற குதிரை ஒரு குளிர்ந்த காலையைத் தாண்டிவிடும். நண்பகல் வெயிலில் பூட்டிய போர்வையைத் தாண்டுவது கடினம்.

போர்வை வேண்டுமா என்பதைக் குதிரையிடமே கேட்டுவிட்டார்கள் நார்வேக்காரர்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு அது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒன்றில் படுக்கைக் கோடு, ஒன்றில் செங்குத்துக் கோடு, ஒன்று வெறுமை. முதலாவதை மூக்கால் தொட்டால் போர்வை போடுவார்கள், இரண்டாவதைத் தொட்டால் கழற்றுவார்கள், மூன்றாவதென்றால் இருப்பதை அப்படியே விடுவார்கள். நாளுக்குச் சில நிமிடப் பயிற்சி, இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரையும் கற்றுக்கொண்டன. நல்ல வெயில் நாளில் போர்வை வேண்டாம் என்றன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லிக் கேட்டன. இதைப் படித்த அன்று நெடுநேரம் அந்தக் குதிரைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் அந்தப் பலகைகள் இல்லை, கை இருக்கிறது. காதைத் தொட்டுப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். காது சில்லென்றிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. பிடரிமயிர் முடிகிற இடத்துக்குக் கீழே, மார்பிலும், முன்னங்கால் உடம்போடு சேரும் மடிப்பிலும் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் குதிரை நலம். பிசுபிசுத்தால் போர்வை மிகுதி. சில்லென்று இருந்து, நடுக்கமும் நிற்காமல், வாலை ஒடுக்கிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், அது குளிர்.

தொண்டூரில் அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். சாக்கை உருவிப் போட்டோம். குதிரைக்காரர் காய்ந்த வைக்கோலை முறுக்கிக் கைப்பிடியாக்கி, கழுத்திலிருந்து தொடை வரை மயிரின் போக்குக்கு எதிராகத் தேய்த்தார். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, படுத்திருந்த மயிர் நிமிர்ந்தது, அதிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணைச் சார்ப்பின் கீழே, காற்று படாத சுவரோரமாகக் கட்டி, முன்னால் ஒரு கட்டுப் புல்லைப் போட்டோம். அரை மணி கழித்து முன்னங்கால் மடிப்பில் அவர் கையை வைத்தார். "அண்ணே, வெச்சுப் பாருங்க" என்று என் கையையும் இழுத்து வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. குதிரை தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தது.