எடை போடும் அன்று பணம் யாரிடம்?

தமிழ்நாட்டு உழவரிடம் சராசரியாக இருப்பது 0.75 ஹெக்டேர் நிலம், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்குள்ள நிலவுடைமைகளில் நூற்றுக்கு 93 சிறு, குறு உழவர்களுடையவை. இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தீவன ஆலையிடம் நேரடியாக விலை பேச முடியாது. ஒரு லாரியை நிரப்பவே அந்தச் சரக்கு போதாது. ஊரார் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் லாரி நிரம்பும், ஐந்நூறு பேர் சேர்ந்தால் ஆலையே தேடி வரும். நம் மண்ணில் இது பழைய எண்ணம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்குப் பிறகு அதே எண்ணத்துக்குக் கம்பெனி உடை கிடைத்தது. பொருளியலாளர் அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு ‘உற்பத்தியாளர் கம்பெனி’ என்ற வகை உருவானது. பத்து உழவர்கள் சேர்ந்தால் இதைப் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. உற்பத்தியாளர் அல்லாதவர் பங்கு வாங்க முடியாது.

இந்தக் கம்பெனிகளுக்கு அரசுப் பணம் பெரிய அளவில் வரத் தொடங்கியது 2020இல். நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் சித்ரகூடத்தில் தொடங்கியது. 2027-28 வரைக்குமான ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். பத்தாயிரத்தால் வகுத்தால் ஓர் அமைப்புக்கு ஏறத்தாழ 68 லட்சம் வருகிறது. சின்னத் தொகை இல்லை. ஆனால் அது எப்படிப் பிரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் உழவர்களைத் திரட்டி, பதிவு செய்து, ஐந்தாண்டு வழிநடத்தும் முகவாண்மை நிறுவனத்துக்கு ஓர் அமைப்பின் பேரில் 25 லட்சம் வரை போகிறது. முதல் மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை கிடைக்கும். தலைமைச் செயல் அலுவலரின் மாதச் சம்பளம் 25,000, கணக்கர் சம்பளம் 10,000 எல்லாம் இதில் அடக்கம். உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வீதம், 15 லட்சத்துக்கு மிகாமல் அரசும் போடும். வங்கிக் கடனுக்கு 2 கோடி வரை அரசு உத்தரவாதம் நிற்கும். சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தால் தகுதி வந்துவிடும். பத்தாயிரமாவது அமைப்பு 2025 பிப்ரவரியில் பீகாரின் பாகல்பூரில் நடந்த விழாவில் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை இலக்கு எட்டப்பட்டுவிட்டது.

தமிழ்நாடு இதற்கு முன்பே வேறொரு வழியில் நடந்திருந்தது. 2017-18இல் வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகும். அந்தக் குழுவுக்கு அரசு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரும். முதல் ஆண்டில் 2,000 குழுக்கள், 100 கோடி ரூபாய். டிராக்டர், சுழல்கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை வாங்கி வாடகைக்கு விடலாம். ஒரு குழு எடுத்த எடுப்பில் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்ய முடியாது, ஓர் இயந்திரத்தைச் சேர்ந்து வைத்துக்கொள்ள முடியும் என்ற புரிதல் இதில் இருந்தது. பழகுவதற்கு அது நல்ல படி. விற்பனை என்கிற அடுத்த படிக்கு வரும்போதுதான் இரண்டு திட்டங்களும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன.

அந்த இடத்தை ஒரு கணக்குப் போட்டே காட்டிவிடலாம். பெரம்பலூர்ப் பக்கத்தில் ஐந்நூறு உறுப்பினர் கொண்ட ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 2,000 ரூபாய் பங்கு, மொத்தம் 10 லட்சம். அரசு ஈட்டுத்தொகை 10 லட்சம். கையில் 20 லட்சம். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் மொத்த விளைச்சல் 20,000 குவிண்டால். குவிண்டால் 2,000 ரூபாய் என்றே கொண்டாலும் சரக்கின் மதிப்பு 4 கோடி. கையிலிருக்கும் 20 லட்சத்துக்கு 1,000 குவிண்டால் வாங்கலாம். இருபத்தைந்து பேருடைய விளைச்சல் அது. நாமக்கல்லிலோ பல்லடத்திலோ உள்ள தீவன ஆலை மூன்று வாரத்தில் பணம் தந்து, அறுவடைக் காலத்துக்குள் அந்தப் பணம் இரண்டு சுற்று சுற்றினால் ஐம்பது பேர். மீதி நானூற்றைம்பது பேர் தங்கள் கம்பெனிக்கு விற்க முடியாது, வியாபாரியிடம்தான் போக வேண்டும். பிறகு, ‘உறுப்பினர்களுக்கு விசுவாசம் இல்லை, கம்பெனியில் சேர்ந்துவிட்டு வெளியே விற்கிறார்கள்’ என்று ஆய்வுக் கூட்டத்தில் குறை சொல்லப்படும். எடை போடும் அன்று பணம் எண்ணிக் கொடுப்பவரிடம் மூட்டை போகிறது. விதைப்புக்கு வாங்கிய கடனும் நகைக்கடன் வட்டியும் அன்றைக்கே வாசலில் நிற்கும்போது, மூன்று வாரம் பொறு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

வியாபாரியைத் திட்டுவதிலும் பயனில்லை. சாக்கு அவருடையது, லாரி அவருடையது, ஏற்றுக்கூலி அவர் பொறுப்பு, தேவைப்பட்டால் விதைப்பிலேயே முன்பணமும் தருகிறார். அதற்கான விலையை எடையிலும் தரகிலும் எடுத்துக்கொள்கிறார். அவர் செய்கிற இந்த வேலையைச் செய்யத் தேவையான பணத்தைக் கொடுக்காமல், அவருக்குப் போட்டியாக ஒரு கம்பெனியை நிறுத்தியிருக்கிறோம்.

அதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். குவிண்டாலுக்கு 50 ரூபாய் கம்பெனிக்கு மிஞ்சுகிறது என்று கொண்டால் 2,000 குவிண்டாலில் வரவு ஒரு லட்சம். இரண்டு பேர் சம்பளமே ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மூன்றாண்டு நிர்வாக நிதி தீர்ந்த அடுத்த மாதம் செயல் அலுவலர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். கம்பெனி என்பதால் ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தின் பேரிலும் அது ஏறிக்கொண்டே இருக்கும். மாறாக அந்தக் கம்பெனி 10,000 குவிண்டால், அதாவது பாதி விளைச்சலை வாங்க முடிந்தால் வரவு 5 லட்சம். அதற்குத் தேவை இரண்டு சுற்றுக்கு ஒரு கோடி ரூபாய், இரண்டு மாதத்துக்கு. 12 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் வட்டியே 2 லட்சம் தின்றுவிடும், சம்பளத்துக்குப் போதாது. 4 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி 67,000. சம்பளம் கொடுக்க முடியும், கம்பெனி நிற்கும். இந்த வட்டி வித்தியாசத்தை அரசு ஏற்றால் ஆண்டுக்கு ஆகும் செலவு 1,33,000 ரூபாய். முகவாண்மைக்கு ஓர் அமைப்பின் பேரில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை ஒதுக்குகிற திட்டத்தில் இது எட்டாத தொகையா?

கேட்பது புதுச் சலுகையும் அல்ல. தனி உழவர் 3 லட்சம் வரை பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீத வட்டிதான். அதே உழவர்கள் ஐந்நூறு பேர் சேர்ந்து, தாங்கள் விளைவித்ததைத் தாங்களே விற்கக் கடன் கேட்டால் சந்தை வட்டி. 2020இல் ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்கோடு வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அது கிடங்கும் பதப்படுத்தும் கூடமும் கட்டுவதற்கானது. கிடங்குக்குள் வைக்கும் சரக்கை வாங்குவதற்கு அல்ல.

கடன் உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு கோடி வரையான கடனில் 85 சதவீதத்துக்கு அரசு பொறுப்பேற்கிறது. ஏட்டளவில் அது போதும்தான். ஆனால் உத்தரவாதம் என்பது கடன் முழுகினால் வங்கியைக் காப்பது; கடன் கொடு என்று வங்கியை அது கட்டாயப்படுத்தாது. மேலாளர் கேட்பது முந்தைய ஆண்டுகளின் வியாபாரக் கணக்கு. பணம் இல்லாததால் வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் பணம் இல்லை. வேறு கம்பெனியாக இருந்தால் வெளியாரிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டும். இங்கே உறுப்பினர் அல்லாதவருக்குப் பங்கு விற்கச் சட்டமே இடம் தரவில்லை; உழவர் கையை விட்டுக் கம்பெனி போய்விடக் கூடாது என்ற நியாயமான காரணத்துக்காகப் போட்ட வேலி அது. நாசிக்கின் சஹ்யாத்ரி பண்ணை நாடறிந்த வெற்றி. 2010இல் சில திராட்சை விவசாயிகளோடு தொடங்கிய அந்த அமைப்பு 2022இல் ஐரோப்பிய முதலீட்டாளர்களிடம் 310 கோடி ரூபாய் திரட்டியது. அதுவும் உற்பத்தியாளர் கம்பெனியின் பேரில் அல்ல, அதற்கெனத் துணை நிறுவனம் ஒன்றை அமைத்துத்தான். ஏற்றுமதித் திராட்சைக்கு அந்த வழி திறக்கும். பெரம்பலூர் மக்காச்சோளத்துக்கு ஐரோப்பாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. வெளிக் கதவைச் சட்டம் அடைத்திருக்கும்போது உள்கதவைத் திறக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது.

பால் கூட்டுறவு இப்படி அரசு வட்டியைக் கேட்டா வளர்ந்தது என்பது இன்னொரு கேள்வி. பாலின் கணக்கே வேறு. காலையில் கறந்த பால் ஓரிரு நாளில் காசாகிவிடுகிறது. ஆண்டு முழுக்கச் சிறு பணம் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மக்காச்சோளமும் ஈரோட்டு மஞ்சளும் ஆண்டுக்கொரு முறை, ஒரே சமயத்தில், மொத்தமாக வருகின்றன. மஞ்சளை விலை வரும்வரை மாதக்கணக்கில் இருப்பு வைக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிக்கு இரண்டு நாள் பணம் போதும்; ஆனால் அழுகல் நட்டம் உண்டு. ஜவ்வாது மலைச் சாமைக்குப் பணத்தைவிட உமி நீக்கும் இயந்திரமும் சாலையும் முதலில் வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம், பயிருக்குப் பயிர் பணம் சுற்றும் வேகம் மாறும்போது எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்து வைத்திருப்பதை வட்டார வளர்ச்சி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கடுமையான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. இத்தனை பணத்தைக் கையில் கொடுத்தால் காகிதக் கம்பெனிகள் பெருகாதா, நான்கைந்து இயக்குநர்கள் சுருட்டிக்கொள்ள மாட்டார்களா? இந்த அச்சம் பொய்யானது அல்ல. கூட்டுறவின் நூற்றாண்டு வரலாற்றில் இதற்குச் சாட்சி நிறைய உண்டு. ஆனால் எந்தப் பணம் எளிதில் சுருட்டப்படும் என்று பார்க்க வேண்டும். உறுப்பினர் பட்டியலையும் பதிவுச் சான்றிதழையும் காட்டியதும் வரும் பணத்துக்குத்தான் காகிதக் கம்பெனி முளைக்கும். கொள்முதல் பணம் சரக்கின் மேல் நிற்கிறது. எடைச்சீட்டு, உறுப்பினர் வங்கிக் கணக்குக்குப் போன தொகை, கிடங்கு ரசீது, ஆலையின் பட்டியல் என்று நான்கு இடத்தில் தடம் இருக்கும். பருவ முடிவில் கடன் திரும்பாவிட்டால் அடுத்த பருவத்துக்குக் கிடையாது என்ற ஒரே விதி, பல தணிக்கைக் குறிப்புகளைவிட வேலை செய்யும். நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் தனி உழவருக்குப் பொருளீட்டுக் கடன் ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. அதே கூடம், அதே கிடங்கு, அதே எடைமேடை கம்பெனிக்கும் பயன்படும்.

அரசையே நம்பிப் பழகிவிடுவார்கள் என்ற கவலைக்கும் மேலே போட்ட கணக்கிலேயே விடை இருக்கிறது. மானியம் என்று வருவது வட்டி வித்தியாசம் மட்டும். அசலைக் கம்பெனிதான் திருப்புகிறது. லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் கையிருப்பில் சேர்க்கக் கட்டாயப்படுத்தினால் சலுகைக் கடனின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். மூன்றாண்டில் நிர்வாக நிதியைச் சட்டென்று நிறுத்துவதைவிட இது உழவர்களைத் தம் காலில் நிறுத்தும். ஐந்து போகம் கொள்முதல் செய்த ஒரு கம்பெனியிடம் வங்கி கேட்கும் கணக்குப் புத்தகம் இருக்கும்.

நேரமும் முக்கியம். அரசுப் பணம் நிதியாண்டை ஒட்டி நகர்கிறது. ஆண்டு முடியும் மார்ச்சில்தான் பல ஒதுக்கீடுகள் கைக்கு வரும். மானாவாரி மக்காச்சோளமோ புரட்டாசி மழைக்கு ஊன்றப்பட்டுத் தையில் களத்துக்கு வந்துவிடும். விதைப்பின்போதே கடன் வரம்பு முடிவாகி, அது எவ்வளவு என்று உறுப்பினருக்கும் தெரிந்துவிட்டால், முன்பணத்துக்காக வியாபாரியிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன்னரே ‘உன் சரக்கில் இத்தனை மூட்டையை அன்றைக்கே காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறோம்’ என்று கம்பெனி சொல்லிவிடலாம். மாசியில் வந்து சேரும் பணத்துக்கு வாங்க அந்த ஊரில் சரக்கு இருக்காது.